பாட்டு கேட்கவில்லை, விளம்பரம் கேட்கிறது

ஆசிரியருக்கு,

வணக்கம். புரோ கபடி லீக் அணிகள் ஆட்டக்காரர்களை எடுக்கும் ஏலம் நடக்கும்போதெல்லாம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஏலத்தொகைதான் கொட்டை எழுத்தில் வருகிறது. வரட்டும். 2014-ல் நடந்த முதல் ஏலத்தில் அதிகத் தொகைக்குப் போனவர் ராகேஷ் குமார், 12.80 லட்சம் ரூபாய். 2023-ல் பவன் ஷெராவத்துக்கு 2.60 கோடி. கபடி ஆடினால் ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை கிடைக்கும், அதோடு சரி என்று கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு அந்த வேலையும் கிடைக்கவில்லை, முட்டிவலிதான் மிச்சம். அதனால் இந்தப் பையன்கள் சம்பாதிப்பதைப் பார்த்து வயிறெரிகிற ஆள் நான் இல்லை.

என் குறை வேறு. போன சீசனில் ஒரு நாள் பேரனோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெய்டர், அதாவது பாடிப் போய்த் தொட்டு வரும் ஆள், எதிரணிப் பக்கம் போகிறார். “தாத்தா, அந்த அண்ணன் ஏன் வாயை அசைச்சுக்கிட்டே ஓடுறாரு?” என்று கேட்டான். கபடி கபடி என்று பாடுகிறார்டா என்றேன். அவன் நம்பவில்லை. சரி, கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினேன். வர்ணனை கேட்டது, அரங்கத்தில் போட்ட பாட்டு கேட்டது, ஸ்பான்சர் பெயர் நன்றாகவே கேட்டது. ரெய்டரின் குரல் மட்டும் கேட்கவில்லை.

பாட்டு என்பது இந்த ஆட்டத்தில் சும்மா சத்தம் இல்லை. ஒரே மூச்சில் பாடிப் போய், தொட்டு, மூச்சு அறுவதற்குள் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பிடிக்கிறவர்களும் அந்தக் குரலைத்தான் கவனிப்பார்கள். குரல் கொஞ்சம் இழுத்தால் ஆள் தளர்ந்துவிட்டான் என்று கண்ணாலேயே பேசிக்கொண்டு பாய்வோம். பாட்டு நின்றால் ரெய்டரைத் திருப்பி அனுப்ப நடுவருக்கு இன்றும் அதிகாரம் உண்டு. ஆனால் இன்று ஆட்டத்தை ஓட்டுவது திரையில் குறைந்துகொண்டே வரும் 30 விநாடிக் கணக்கு. அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுமனே முடிந்தால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லையென்றால் அவுட். விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் ஆள் குறைந்த அணி பொறுமையாக நேரத்தைக் கடத்தி மீண்டு வரும். டிவி பார்ப்பவருக்கு அது சலிப்பாம். எங்களுக்கு அதுவும் ஆட்டம்தான்.

யாருக்காக விதி மாறுகிறது என்று பார்த்தால், பங்கு யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. லீக்கை நடத்தும் மஷால் ஸ்போர்ட்ஸின் 74 சதவீதப் பங்கை 2015-ல் டிவி நிறுவனமான ஸ்டார் இந்தியா வாங்கியது. போட்டியை நடத்தியவரும் ஒளிபரப்பியவரும் ஒருவரே. 2017-ல் செல்போன் கம்பெனியான விவோ ஐந்து ஆண்டுகளுக்கு 300 கோடி ரூபாய்க்கு ஸ்பான்சர் ஆனதாகச் செய்தி வந்தது. அணிகள் எட்டிலிருந்து பன்னிரண்டானதும் அதே ஆண்டுதான்.

இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் பெண்களுக்கு என்ன கிடைத்தது? 2016-ல் மூன்றே அணிகளோடு பெண்களுக்கான கபடி சேலஞ்ச் ஒன்றை நடத்தினார்கள். அந்த ஒரு தடவையோடு சரி. ஆட்டம் சரியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் அணியும் தங்கம் வென்றது, பெண்கள் அணியும் தங்கம் வென்றது. ஏலம் மட்டும் ஒரு பக்கத்துக்குத்தான்.

விளம்பரப் பணமே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஜப்பானின் சுமோ மல்யுத்தத்தைப் பாருங்கள். அங்கும் கம்பெனிகள் பணம் கட்டுகின்றன, ஒரு பதாகைக்கு 70,000 யென். ஆட்டத்துக்கு முன்னால் பதாகைகளைத் தூக்கிக்கொண்டு வளையத்தை ஒரு சுற்று வருவார்கள், அவ்வளவுதான், இறங்கிவிடுவார்கள். மல்லர் ஆடும்போது கட்டியிருக்கும் கச்சையில் எந்தப் பெயரும் கிடையாது. ஜெயித்தவர் குந்தி உட்கார்ந்து, கையால் மூன்று முறை காற்றை வெட்டிவிட்டுப் பரிசுப் பண உறையை வாங்கிக்கொள்வார். பதாகை ஒன்றுக்கு 30,000 யென் அவருக்கு. இன்னொரு 30,000 வரிக்காகவும் அவர் ஓய்வு பெறும் நாளுக்காகவும் சுமோ சங்கத்தில் அவர் பேரில் சேர்கிறது. அங்கே எல்லோரும் உத்தமர்கள் என்று நினைக்க வேண்டாம். 2010-ல் சூதாட்ட விவகாரம் வெடித்தபோது ஸ்பான்சர்கள் விலகினார்கள், ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே நேரடி ஒளிபரப்பையே நிறுத்தியது. ஆனாலும் பணம் எதுவரை வரலாம், வந்தால் யார் கைக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. முட்டி போன பிறகு ஆடியவன் என்ன செய்வான் என்றும் அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

நமக்கும் அப்படி ஒரு எழுத்து வேண்டும். ஒவ்வொரு ஸ்பான்சர் ஒப்பந்தத்திலும் ஒரு பங்கு பெண்கள் லீகுக்கு, ஒரு பங்கு ஆடி முடித்தவர்களுக்கு என்று. ரெய்டரின் குரல் கேட்க ஒரு மைக் வைப்பதற்குப் பெரிய செலவும் ஆகாது.

அடுத்த ஏலத்துக்கு உங்கள் நிருபர் போவார்தானே? யார் எவ்வளவுக்குப் போனார் என்பதோடு, பெண்கள் ஏலம் எந்தத் தேதியில் என்றும் கேட்டு வரச் சொல்லுங்கள். பதில் வந்தால் அதையும் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கபடி ஆட்டக்காரர் ஒருவர்