உரிமம் கொடுத்த பிறகு எங்களைக் கேட்டு என்ன பயன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டம், அதாவது அந்தப் பகுதி மக்களைக் கூட்டிவைத்துக் குறை கேட்கிற கூட்டம், போன மாதம் அங்கன்வாடிக் கட்டிடத்தில் நடந்தது. ஒரு வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. முந்தின நாள் குப்பை வாங்க வந்த அம்மா, "நாளைக்கு மீட்டிங்காம்மா, வந்துடுங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனார், எங்கள் தெருவுக்கு வந்த அழைப்பு அவ்வளவுதான். போய்ப் பார்த்தால் இருபது பேர்கூட இல்லை, அதிலும் ஏழெட்டுப் பேர் மாநகராட்சி ஊழியர்கள். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளை மூலையில் அடுக்கிவிட்டு வாடகை நாற்காலி போட்டிருந்தார்கள். பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள், டீ கொடுத்தார்கள், நாற்பது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

நான் கொண்டுபோனது ஒரே ஒரு விஷயம்தான். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கள் தெருவோடு நிற்கிற விஷயம் இல்லை.

எங்களுடையது இருபதடித் தெரு. இரண்டு பக்கமும் பைக் நிறுத்தினால் நடுவில் ஒரு ஆட்டோ போகலாம், அவ்வளவுதான். தெருமுனையில் இரண்டு மாடி வீடு ஒன்று போன வருஷம் கைமாறியது. உள்சுவர்களை இடித்தார்கள், பெயின்ட் அடித்தார்கள், யாரோ பெரிய குடும்பம் குடிவருகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் வாழைமரம், மைக் செட், முகப்பில் 'மினி ஹால், ஏசி வசதி உண்டு' என்று போர்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

விசேஷம் நடப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பெரிய மண்டபத்துக்குக் கொட்டிக் கொடுக்க முடியாதவர்கள் காதுகுத்தும் வளைகாப்பும் வைக்க ஒரு இடம் வேண்டும், அது நியாயமான தேவை. பாட்டுச் சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் பயம் வேறு. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியின் வளைகாப்புக்கு நானே அங்கே போயிருந்தேன். சாப்பாடு மொட்டை மாடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே. ஏறி இறங்க ஒரே படிக்கட்டு, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அந்தப் படி திரும்புகிற இடத்தில் ஐந்து கமர்ஷியல் சிலிண்டர்கள். ஒன்றில் குழாய் மாட்டிப் பெரிய அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் எல்லாரும் பட்டுப்புடவைக் கொசுவத்தைக் கையில் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த அடுப்பை ஒட்டித்தான் மேலே ஏறினார்கள். மேலே நூற்றைம்பது பேராவது இருப்பார்கள், பாதி குழந்தைகள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2004 ஜூலை 16 கும்பகோணத்தை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போனார்கள். நான் அப்போது தபால் துறையில் வேலையில் இருந்தேன், அந்த வாரம் முழுக்க எங்கள் ஆபீஸில் யாரும் உரக்கப் பேசவில்லை. அந்தக் கட்டிடத்துக்கு யார் அனுமதி கொடுத்தது, யார் போய்ப் பார்த்தது என்ற கேள்வியெல்லாம் பிள்ளைகள் போன பிறகுதான் வந்தது. எங்கள் தெருமுனையிலும் அப்படி ஒரு நாள் வந்த பிறகுதான் கேட்க வேண்டுமா?

சரி, இந்த ஹாலுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போட்டேன். பதில் வந்தது. வரைபட அனுமதி குடியிருப்புக்கு மட்டும் என்று ஒரு தாள், அதே முகவரிக்குத் தொழில் உரிமம் வழங்கப்பட்டிருக்கிறது என்று இன்னொரு தாள். ஒரே ஆபீஸ். ஒரு மேஜையில் அது வீடு, அடுத்த மேஜையில் அது கடை. வீடாகக் கட்டினதை ஹாலாக மாற்றினால் படி எத்தனை, வண்டி எங்கே நிற்கும், தீயணைப்பு வண்டி உள்ளே திரும்புமா என்று முதலிலிருந்து பார்க்க வேண்டும். யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. வந்து பார்த்திருந்தால் அந்தப் படிக்கட்டே சொல்லியிருக்கும்.

இதைத்தான் பகுதி சபையில் எழுந்து சொன்னேன், இரண்டு தாளையும் காட்டினேன். எங்கள் கவுன்சிலர் தம்பி நல்ல மாதிரிதான், இரவு பத்து மணிக்குப் போன் பண்ணினாலும் எடுக்கிறவர். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "அம்மா, லைசென்ஸ் ஃபைல் எதுவும் நம்ம கைக்கு வர்றதே இல்லம்மா. மேலயே முடிஞ்சிடுது. போர்டு மாட்டினப்புறம்தான் எனக்கும் தெரியும்." மன்றத்துக்கு ஓட்டுப் போட்டு அனுப்பியவருக்கே போர்டைப் பார்த்துத்தான் தெரியும் என்றால், எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுப்பது எதற்காக?

இந்தச் சபை ஒன்றும் சும்மா கிடைத்ததில்லை. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது, மூன்று லட்சம் பேருக்கு மேல் இருக்கிற ஊர்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம் மாநிலத்தில் அதற்கும் பகுதி சபைக்கும் விதி வந்தது 2022இல், நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்த பிறகு. முதல் பகுதி சபைகள் அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கூடின, முதலமைச்சரே பம்மலில் நடந்த கூட்டத்தில் உட்கார்ந்தார். கிட்டத்தட்ட முப்பது வருஷம் காத்திருந்து வந்த ஒன்று. அன்றைக்கு டிவியில் பார்த்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிராமத்தில் கிராம சபை என்று ஒன்று இருக்கிறது, ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, தீர்மானம் போடுகிறார்கள், நகரத்தில் இருக்கிற எங்களுக்கு மட்டும் மனு எழுதி வரிசையில் நிற்பதுதானா என்று நான் பல வருஷம் புலம்பியிருக்கிறேன்.

ஆனால் வந்த சபையில் பேச அனுமதிப்பது எதை? தெருவிளக்கு, குடிதண்ணீர், சாக்கடை அடைப்பு, நாய்த் தொல்லை. இதெல்லாம் வேண்டியதுதான், எங்கள் தெருவில் இரண்டு விளக்கு எரிய வைத்ததும் இந்தச் சபைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் விளக்கு இல்லை என்பதை யார் வேண்டுமானாலும் போனில் சொல்லிவிடலாம். அடுத்து என்ன கட்டிடம் வருகிறது, எந்தக் கடைக்கு உரிமம் கேட்டிருக்கிறார்கள், அந்த இடம் அதற்குத் தாங்குமா என்பதெல்லாம் அங்கேயே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும், அதைத்தான் அந்தச் சபையில் பேச வழியில்லை. மதுக்கடை விஷயத்திலும் இதே கதைதான். மாநகராட்சி, நகராட்சிப் பகுதி என்றால் பள்ளிக்கும் கோயிலுக்கும் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்று விதியில் தூரம் எழுதியிருக்கிறது. அந்தத் தெருவில் இருக்கிற பெண்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எழுதவில்லை.

என் மகள் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் இருக்கிறாள். பேறுகாலத்துக்குப் போய் ஆறு மாதம் இருந்தேன். வெளிநாட்டைக் காட்டி நம் ஊரைக் குறை சொல்வது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அங்கே பார்த்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே பேட்டைக்குப் பேட்டை 'கம்யூனிட்டி கவுன்சில்' என்று ஒன்று இருக்கிறது, 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. சம்பளம் கிடையாது, பெரிய பணமும் கிடையாது. நம் பகுதி சபை மாதிரியேதான், எதையும் முடிவு செய்யும் அதிகாரம் அதற்கும் இல்லை. ஆனால் அந்தப் பகுதியில் மது விற்க யாராவது உரிமம் கேட்டால், உரிமம் கொடுக்கிற வாரியம் அந்தக் கவுன்சிலுக்கு அறிவிப்பு அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கட்டிட விண்ணப்பங்களிலும் அவர்கள் கருத்துச் சொல்ல உரிமை உண்டு. மகளோடு ஒரு கூட்டத்துக்குப் போனேன். சாயங்காலம் ஏழு மணிக்கு, வேலை முடிந்து வருகிறவர்கள் வருகிற மாதிரி, ஒரு சர்ச் கூடத்தில். போலீஸ்காரர் ஒருவர் வந்து அந்த மாதம் என்னென்ன திருட்டு, என்னென்ன தகராறு என்று வாசித்துவிட்டுப் போனார். அப்புறம் ஒரு சாப்பாட்டுக் கடை விண்ணப்பத்தை எடுத்து, இரவு எத்தனை மணி வரை, புகைபோக்கி எந்தப் பக்கம் என்று அரை மணி நேரம் பேசினார்கள். என் வயது அம்மாள் ஒருவர் அந்தக் காகிதத்தில் பேனாவால் வட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கடை இன்னும் திறக்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நம் ஊரில் இதை இன்னும் அவசரமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்தால் ஆன்லைனில் உடனே அனுமதி கிடைத்துவிடுகிறது. வீடு கட்டுகிறவர் ஆபீஸ் ஆபீஸாக அலைவது நின்றது, நல்ல ஏற்பாடு, நான் எதிர்க்கவில்லை. ஆனால் முன்கூட்டி வந்து பார்க்கிற கண் ஒன்று குறைகிறது என்றால் அந்த இடத்தில் தெருக்காரர்களின் கண் இருக்க வேண்டாமா? வீடு என்று சான்று கொடுத்துவிட்டு நாளைக்கு ஹால் போர்டு மாட்டினால் முதலில் பார்க்கப் போவது நாங்கள்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வார்டுக்குள் வணிகக் கட்டிடத்துக்கோ, ஆட்கள் கூடுகிற இடத்துக்கோ, சிலிண்டரும் ரசாயனமும் வைக்கிற தொழிலுக்கோ விண்ணப்பம் வந்தால், உரிமம் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலைப் பகுதி சபையில் வாசிக்க வேண்டும். அடுத்த சபை கூடும் வரை மூன்று மாதம் காத்திருக்க முடியாது என்றால் ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் பதினைந்து நாள் ஒட்டி வையுங்கள், எழுதித் தருகிறோம். நாங்கள் சொன்னபடிதான் முடிவு எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வேண்டாதவர் கடையை வம்புக்காகத் தடுக்கிறவர்களும் தெருவில் இருப்பார்கள், அது எனக்கும் தெரியும். அதனால்தான் முடிவு அதிகாரியிடமே இருக்கட்டும் என்கிறேன். ஆனால் நாங்கள் சொன்னதை ஏற்றார்களா இல்லையா, இல்லையென்றால் ஏன் என்று இரண்டு வரி எழுத்தில் வேண்டும், அடுத்த கூட்டம் அதை வாசித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் பதிவுத் தபாலோடு வாழ்ந்தவள் நான், ஒரு காகிதம் கொடுத்தால் ஒப்புகை அட்டை திரும்பி வர வேண்டும். போன மாதம் சபையில் நான் கொடுத்த மனுவுக்கு இன்னும் எதுவும் வரவில்லை. ஹாலில் போன ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு விசேஷம் நடந்தது, சிலிண்டர்கள் அதே திருப்பத்தில்தான் இருந்தன.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மாவட்டப் பக்கத்தில் மின்தடை அறிவிப்பு தவறாமல் போடுகிறீர்கள், அதை வெட்டி வைத்துக்கொண்டு மாவு அரைக்கிற வீடுகள் எத்தனையோ. அதன் கீழேயே அந்த வாரம் எந்த வார்டில், எந்த இடத்தில், எத்தனை மணிக்குப் பகுதி சபை கூடுகிறது என்று நான்கு வரி போடுங்கள். வெட்டியெடுத்து எங்கள் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தபால் துறையில் ஓய்வு பெற்ற வாசகி