தாய்மாமனைப் பற்றி ஒரு கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆண் குழந்தைக்கு ஹீமோபிலியா (ரத்தம் எளிதில் உறையாத பரம்பரை நோய்) என்று தெரிந்ததும் வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் வீடுகளில் எழும் முதல் பேச்சு, "சொந்தத்துல கட்டினதால வந்தது" என்பதே. தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்கு அது பொருந்தும். இதற்குப் பெரும்பாலும் பொருந்தாது. ரத்தம் உறையத் தேவையான 8, 9-ஆம் காரணிகள் என்ற புரதங்களின் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் தாயிடமிருந்து வருவது. அது பழுதானால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. அசலில் பெண் எடுத்தாலும் இதேதான்.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு; ஒன்றில் மட்டும் பழுதைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் சுமப்பவளாக இருக்க 50 சதவீத வாய்ப்பு. மூத்தவனுக்கு வந்துவிட்டது, இளையவன் தப்பித்தான் என்று கணக்குப் போட முடியாது. நோயுள்ள தகப்பனின் எக்ஸ் மகனுக்குப் போகாது. மகள்கள் அத்தனை பேருக்கும் போகும். சொந்தம் குறுக்கிடுவது ஓரிடத்தில்: நோயுள்ள மாமனுக்கே அக்கா மகளைக் கட்டி வைக்கும்போது. அவளும் சுமப்பவளாக இருந்தால், பிறக்கும் பெண்களில் பாதிப் பேருக்கும் நோயே வரலாம்.

ஆகவே பையனின் பெரியம்மா, சித்தி, அக்கா, தங்கைகளுக்குத்தான் பரிசோதனை தேவை. காரணி அளவு சரியாக இருக்கிறது என்ற ஒரே முடிவை நம்பிவிடக் கூடாது; சுமக்கும் பெண்கள் பலருக்கு அது இயல்பாகவே இருக்கும். முதலில் நோயாளியின் மரபணுப் பழுதைக் கண்டறிந்து, பிறகு அதையே பெண்களிடம் தேட வேண்டும். கருத்தரிக்கும் முன்பே செய்வது நல்லது. 11 வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்தும் கருவைச் சோதிக்கலாம். பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமே இந்தச் சோதனையை அனுமதிக்கிறது.

ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்நோய் இருந்திருக்காது. பழுது புதிதாக உண்டானது. மருமகளைக் குறுக்கு விசாரணை செய்யும் மாமியார்கள் இதைக் கவனிக்க.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம்: "உங்கள் அண்ணன் தம்பிக்கோ, தாய்மாமனுக்கோ பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போனதா, மூட்டு அடிக்கடி வீங்குமா?" ஆம் என்றால் பிரசவத்தில் குழந்தையின் தலையைப் பிடித்திழுக்கும் ஆயுதம், உறிஞ்சி இழுக்கும் வேக்குவம் கருவி ஆகியவற்றைத் தவிர்க்கலாம், தொப்புள்கொடி ரத்தத்தில் காரணி அளவு பார்க்கும்வரை குழந்தையின் தொடையில் ஊசி போடாமல் வைட்டமின் கே-யை வாய்வழி கொடுக்கலாம்.

மரபணு ஆலோசனைப் பணியாளர்கள்,
ராயபுரம், சென்னை-13