புகையை விட்ட முதல் நான்கு வாரம்: சேலம் மாவட்டப் புகையிலை நிறுத்த ஆலோசனை மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும், ஆலோசகர்களுக்கும், மருந்தாளுநர்களுக்கும் வணக்கம்.

நான் சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக வேலை பார்க்கிறேன். 22 ஆண்டுகள் நாளொன்றுக்குப் 15 சிகரெட் வரை புகைத்தவன். இப்போது 14 மாதங்களாகப் புகைப்பதில்லை. இதற்கு முன் ஒருமுறை முயன்று 12ஆம் நாளில் தோற்றேன். இரண்டு முறையும் எனக்குக் கிடைத்தது ஒரே மாத்திரை, ஒரே அளவு. முதல் முறை எவரும் சொல்லாத சில செய்திகளை இரண்டாம் முறை ஒரு மருத்துவர் கால் மணி நேரம் உட்கார்ந்து சொன்னார். அந்தக் கால் மணி நேரம் உங்களிடம் வரும் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் முறை நான் சென்ற இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் கனிவாகத்தான் பேசினார்கள். நுரையீரல் படங்களைக் காட்டினார்கள், புற்றுநோயைப் பற்றியும் மாரடைப்பைப் பற்றியும் விளக்கினார்கள், புகைப்பதை நிறுத்த ஒரு நாளைக் குறிக்கச் சொன்னார்கள், புகைக்கும் ஏக்கத்தைக் குறைக்கும் புப்ரோப்பியான் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், மனவுறுதி வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நிறுத்திய பிறகு என் மனம் என்ன ஆகும் என்பதைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை.

நான் குறித்த நாள் டிசம்பரில் விழுந்தது. அது எங்கள் மலையில் பழம் பறிப்பு உச்சத்தில் இருக்கும் மாதம். பகலெல்லாம் பழ மூட்டைகளின் எடை, மாலையில் ஆள் கணக்கு, சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா. மூன்றாம் நாள் ஒரு மேஸ்திரியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். நான்காம் நாள் அந்த எரிச்சலும் அடங்கி, அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்தது. எதிலும் பிடிப்பில்லை. கூலிப் பட்டியலில் ஒரே பக்கத்தை நான்கு முறை கூட்டி நான்கு விடை கண்டேன். பனி இறங்கிய மாலையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மகள் ஏதோ பள்ளிக்கூடக் கதை சொன்னாள்; அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தும் ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. சிகரெட் இல்லாவிட்டால் நான் இவ்வளவுதான், இதுதான் என் உண்மையான சுபாவம், இத்தனை ஆண்டுகளாகப் புகைதான் என்னை மனிதனாக நடமாட வைத்திருக்கிறது என்று அன்றைக்கு முழு மனதோடு நம்பினேன். "ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு வாங்கியாவது குடிச்சிடுங்க, இப்படி உட்கார்ந்திருக்காதீங்க" என்று மனைவி சொன்னபோது அவள் கண்ணில் இருந்த பயம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அந்த நாட்களில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது இதுதான். பல ஆண்டுகளாக நிக்கோட்டினுக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றதும் தடுமாறுகிறது. சோர்வு, எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல், தூக்கமின்மை, அடங்காத பசி எல்லாம் நிறுத்திய சில மணி நேரத்திலேயே தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் தணிந்துவிடுகின்றன. பசி மட்டும் இன்னும் சில காலம் நீடிக்கும். அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்ததும் கிடைக்கும் நிம்மதி, முந்தைய சிகரெட் உண்டாக்கிய தவிப்பு தணிவதால் வருவது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஒரு கட்டுரை, புகைப்பதை விட்டவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் தொடர்ந்து புகைப்பவர்களைவிடக் குறைந்திருந்ததைக் காட்டியது. ஆறாம் நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தவனுக்கு இது தெரிந்திருந்தால் அவன் நாட்களை எண்ணிக்கொண்டு காத்திருந்திருப்பான். தெரியாததால், தன்னைப் பற்றித் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தான்.

மாத்திரையின் கதை தனி. சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தது. நம் ஊரில் அதை எல்லோரும் எப்படிப் படிக்கிறோமோ அப்படியே நானும் படித்தேன்: காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. இரவு ஒன்பதரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவன் விடிய விடிய விழித்துக் கிடந்தேன். தூக்கமின்மையும் வாய் வறட்சியும் புப்ரோப்பியானின் மிகப் பரவலான பக்கவிளைவுகள் என்றும், இரண்டு மாத்திரைகளுக்கும் இடையே குறைந்தது எட்டு மணி நேர இடைவெளி வேண்டும் என்றும், ஆனால் இரண்டாவதைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது என்றும் இரண்டாம் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை நான்கு மணிக்கு ஒன்று என்று அவர் சீட்டிலேயே மணியை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு ஓரளவு தூங்கினேன். ஒரு சீட்டில் இரண்டு எண்களைக் கூடுதலாக எழுத எவ்வளவு மை செலவாகிவிடும்?

இன்னொன்றும் செய்தேன். மாத்திரை விழுங்கச் சிரமமாக இருந்ததால் இரண்டாக உடைத்துப் போட்டுக்கொண்டேன். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரை அது. உடைத்தால் மருந்து ஒரே மூச்சில் உடம்பில் இறங்கி, வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டிவிடும். சரியான அளவில் எடுத்தாலே ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு வலிப்பு வரக்கூடிய மருந்து இது என்பதால்தான், முன்பு வலிப்பு வந்ததுண்டா, தலையில் பலத்த அடி பட்டதுண்டா, அன்றாடம் மது குடித்து வந்ததைத் திடீரென்று நிறுத்தியிருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்ட பிறகே இதை எழுத வேண்டும் என்கிறார்கள். முதல் முறை என்னிடம் இவற்றில் ஒன்றும் கேட்கப்படவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் அன்றாடம் இரு சக்கர வண்டியில் ஏறி இறங்குகிறவன் நான் என்பதும் எவருக்கும் தெரியாது, ஏனென்றால் என்ன வேலை, எப்படிப் போய் வருகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். 12ஆம் நாள் அடிவாரத்து டீக்கடையில் ஒரு சிகரெட் கேட்டு வாங்கினேன்.

காப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காப்பி விளையும் மலையில் இது எல்லோரையும் தொடுகிற செய்தி. நான் நாளுக்கு ஆறேழு தம்ளர் வரக்காப்பி குடிக்கிறவன். சிகரெட் புகையில் உள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரலில் உள்ள ஒரு நொதியை வேகப்படுத்துவதால், புகைப்பவர் உடம்பில் காஃபீன் விரைவாகக் கழிந்துவிடுகிறது. புகையை நிறுத்தினால் சில நாட்களில் அந்த வேகம் குறைந்து, அதே ஆறு தம்ளர் காப்பி இரத்தத்தில் இரு மடங்கு வரை காஃபீனைத் தேக்கிவிடும். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் அதனாலும் வரும்; நாமோ அதைச் சிகரெட் இல்லாத ஏக்கம் என்று நினைத்துக்கொண்டு, ஏக்கத்தை ஆற்ற இன்னொரு தம்ளர் குடிப்போம். இந்த மாற்றத்தைச் செய்வது புகையே, நிக்கோட்டின் அல்ல. ஆகவே நிக்கோட்டின் சூயிங்கம் மெல்லுகிறவர்களுக்கும் இது பொருந்தும். இரண்டாம் முறை என் காப்பியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்த மூன்றாம் நாளே படபடப்பு அடங்கியது. ஆஸ்துமாவுக்காகத் தியோஃபிலின் எடுப்பவர்களுக்கும், மனநோய்க்காக ஒலான்சபைன் அல்லது க்ளோசபைன் எடுப்பவர்களுக்கும் இதே காரணத்தால் மருந்தின் அளவு உடம்பில் கூடிவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; அந்த மாத்திரைகளைப் போட்டுக்கொண்டே புகையை விடுகிற தொழிலாளிக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்றுதான் கேட்கிறேன்.

என்னிடம் திட்டு வாங்கிய அதே மேஸ்திரி, பிறகு என்னைப் பார்த்துத் தானும் பீடியை விட முயன்றார். மருந்துக் கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கி, வெற்றிலை போடுவதுபோல் விடாமல் மென்று சாற்றை விழுங்கியிருக்கிறார். விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, "கணக்கப்பிள்ளை அண்ணா, இது விஷமுங்க" என்று என் மேசைமீது வைத்துவிட்டுப் போனார். காரம் நாக்கில் தெரியும்வரை சில முறை மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும் என்பதும், காப்பி குடித்த கையோடு மென்றால் மருந்து சரியாக உட்கிரகிக்காது என்பதும் அட்டைப்பெட்டிக்குள் ஆங்கிலத்தில் இருந்திருக்கும். வெற்றிலை ஒதுக்கத் தெரிந்தவருக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஒரு நிமிடம் போதும்.

பயத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள் என்றும் வேண்டிக்கொள்கிறேன். இந்த மாத்திரைகளைப் போட்டால் புத்தி பேதலித்துவிடும் என்று எங்கள் மலையிலும் ஒரு பேச்சு உண்டு. அது முற்றிலும் காற்றில் வந்த பேச்சல்ல. புகையை விட உதவும் இன்னொரு மாத்திரையான வரெனிக்ளின், நான் எடுத்த புப்ரோப்பியான் இரண்டின்மீதும் 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கடுமையான மனநல விளைவுகள் வரக்கூடும் என்ற கட்டமிட்ட எச்சரிக்கையை அச்சிட வைத்தது. பின்னர் 8000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்று 2016இல் வெளியாகி, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிடும்போது அத்தகைய விளைவுகள் குறிப்பிடும்படி கூடவில்லை என்று காட்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் கட்டமிட்ட எச்சரிக்கை நீக்கப்பட்டது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்த வரலாற்றை முழுமையாகச் சொன்னால் மக்கள் நம்புவார்கள். ஒன்றும் ஆகாது என்று ஒற்றை வரியில் அனுப்பிவிட்டால், முதல் கெட்ட கனவு வந்ததுமே மாத்திரையை வீசிவிடுவார்கள்.

கூடவே மறுபக்கத்தையும் சொல்லுங்கள். முதல் முயற்சியின் எட்டாம் இரவு, காலையில் எழாமலே போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. அதை நான் மனைவியிடமும் சொல்லவில்லை. அப்படித் தோன்றினால், அது மாத்திரையாலா, நிக்கோட்டின் இல்லாததாலா, முன்பே இருந்த மனச்சோர்வாலா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லி அனுப்ப வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். புகையிலையை விட உதவும் தேசிய எண்ணான 1800-11-2356ஐ 2018 முதல் சிகரெட் பெட்டியின்மேல் அச்சிடுகிறார்கள். ஆனால் அந்த எண் மிகவும் தேவைப்படும் நேரத்தில், விட்டவன் கையில் பெட்டி இருக்காது. இரண்டு எண்களையும் மருந்துச் சீட்டின் தலைப்பிலேயே அச்சிட்டுக் கொடுங்கள்.

அதற்கும் மேல் நான் கேட்பது, நிறுத்திய மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் உங்கள் மையத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வர வேண்டும் என்பது. தூங்கினீர்களா, மனம் எப்படி இருக்கிறது, மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். ஒன்பதாம் நாள் நான் மாத்திரையை நிறுத்தியது எனக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். பத்தாம் நாள் யாராவது கேட்டிருந்தால் 12ஆம் நாள் வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

மலையிலிருந்து சேலத்துக்கு வந்து போவதென்றால் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போகிறது. பேருந்துக் கட்டணம் தனி. மறுபரிசோதனைக்கு வாருங்கள் என்று சொல்வது எளிது, பறிப்புக் காலத்தில் வருவது எளிதல்ல. ஏற்காட்டு அரசு மருத்துவமனையில் மாதம் இரண்டு முறையாவது ஓர் ஆலோசகர் உட்காரும்படி, மாவட்ட மனநலத் திட்டத்தோடு இணைந்து ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாகச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் சகோதரிகள் எங்கள் லயன் வீடுகளுக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும்) வருகிறார்கள். புகையை விட்டவர் இருக்கும் வீட்டில் அந்த மூன்று கேள்விகளையும் கேட்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

நாள் குறிப்பதையும் அவரவர் வேலையைக் கேட்டுக் குறியுங்கள். இரண்டாம் முறை என்னுடைய நாளை ஏப்ரலில் வைத்தார்கள். கோடை மழைக்குப் பின் காப்பிப் பூ பூத்து முடிந்திருந்தது, பேரேட்டில் அவசரம் எதுவும் இல்லை, மூன்றாம் நாள் எரிச்சல் வந்தபோது தோட்டத்துக்குள் இறங்கி நடக்க எனக்கு நேரம் இருந்தது. அந்த முறையும் சோர்வு வந்தது. இத்தனாம் நாள் வரும், இத்தனாம் நாள் போகும் என்று முன்பே சொல்லியிருந்ததால், நாட்காட்டியில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். 19ஆம் நாள் மகள் சொன்ன கதைக்கு நான் சிரித்ததை மனைவிதான் முதலில் கவனித்தாள்.

தமிழில் ஒரு பக்கக் குறிப்பை நீங்கள் தயாரித்தால், அச்சுக்குப் போகுமுன் அதைப் பறிப்பாளர்களிடமும் மேஸ்திரிகளிடமும் வாய்விட்டுப் படித்துக்காட்டி, எந்தச் சொல் அவர்களுக்குப் புரியவில்லை என்று குறித்து அனுப்பும் வேலையை நான் செய்து தருகிறேன். நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கிவிடும். அக்டோபருக்குள் கைக்குக் கிடைத்தால் எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு லயனுக்கும் ஒன்று கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலையிலிருந்து
ஒரு காப்பித் தோட்டக் கணக்கப்பிள்ளை