ஜார்ஜியா டர்னருக்காக ஒரு வழக்கு

அன்புள்ள சேகர்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். முட்டிவலி மட்டும் என்னோடு குடியேறிவிட்டது.

உன் பாட்டைப் பற்றிப் பேச வேண்டும். விடுதியில் எங்கள் தூக்கத்தைக் கெடுத்த அதே ‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’தான். அனிமல்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் சொந்தப் பாட்டு என்று வார்டனிடமே சாதித்தவன் நீ. 1964 மே மாதம் லண்டனில் அவர்கள் அதை ஒலிப்பதிவு செய்தார்கள். அந்த கிட்டாரும் ஆர்கனும் இன்றும் சிலிர்க்க வைக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் 1933-லேயே அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பாடகர் கிளாரன்ஸ் ஆஷ்லி, க்வென் ஃபாஸ்டருடன் சேர்ந்து அதை இசைத்தட்டில் பாடிவிட்டார். தாத்தாவிடம் கற்றதாகச் சொன்னார்.

நான் எழுத உட்கார்ந்தது வேறொருத்திக்காக. 1937-இல் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடி ஆலன் லோமாக்ஸ் என்ற சேகரிப்பாளர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மிடில்ஸ்பரோவுக்குப் போகிறார். அங்கே 16 வயது ஜார்ஜியா டர்னர், சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பெண், இதைப் பாடுகிறாள். அவள் பாட்டில், சீரழிந்த ஒருத்தி நியூ ஆர்லியன்ஸிலிருந்து தன் தங்கைக்குச் சொல்லியனுப்புகிறாள்: என்னைப் போல் ஆகிவிடாதே. அனிமல்ஸின் பாடகர் எரிக் பர்டன் பாடும்போது நாசமாவது ஆண்பிள்ளை. எச்சரிக்கையும் ஊர்த் தாய்மார்களுக்கெல்லாம் பொதுவாகிவிடுகிறது. தங்கையைக் காணவில்லை! எனக்கு மனசே ஆறவில்லை. நீ சிரிப்பாய், சிரி.

1941-இல் லோமாக்ஸ் பாட்டை அவள் பெயரோடு நூலில் அச்சிட்டார். பிறகு ஊர்ப்பட்ட பேர் பாடினார்கள்: உட்டி கத்ரி, லெட் பெல்லி, ஜோன் பயஸ், நினா சிமோன். வேடிக்கை, நியூயார்க் நாட்டுப்புறப் பாடகர் டேவ் வான் ராங்க் கதைதான். அவர் அமைத்த இசைக்கோலத்தை 1961-இல் பாப் டிலன் தன் முதல் ஆல்பத்துக்குப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் அனுமதி கேட்டாராம். கடைசியில் ‘டிலனைக் காப்பியடிக்கிறாயே’ என்ற பேச்சு வான் ராங்க் தலையிலேயே விழ, மனிதர் அதைப் பாடுவதையே நிறுத்தினார். அனிமல்ஸ் வந்ததும் டிலனுக்கும் அதே கதி. நன்றாக வேண்டும்!

பணம் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அனிமல்ஸ் இசைத்தட்டில், மரபுப் பாட்டுக்கு இசைக்கோலம் அமைத்தவர் என்று அவர்களின் ஆர்கன்காரர் ஆலன் பிரைஸ் பெயர் மட்டுமே இருந்தது. கூட வாசித்த நால்வருக்கும் அந்தப் பங்கு இல்லை. அவர்களாவது சண்டை போட்டார்கள். 1969-இல் இறந்த ஜார்ஜியாவுக்குக் கிடைத்ததோ மிகச் சொற்பம். நாட்டுப்புறப் பாட்டு பொதுச்சொத்தாம்; வாடகை மட்டும் யார் யாருக்கோ போகிறது. மரபுச் சொத்துக்கு ஏது உரிமை என்று நீ சட்டம் பேசுவாய். பேசு. அவள் குரலை ஒரு தரம் கேட்டுவிட்டுப் பேசு. லோமாக்ஸின் கென்டக்கிப் பதிவுகள் இணையத்தில் இருக்கின்றன.

மகளின் கல்யாணத் தேதி முடிவானதும் உடனே எழுது. இரண்டு மாதம் முன்னால் சொன்னால்தான் எங்களுக்கு ரயில் டிக்கெட் கிடைக்கும்.

உன்,
ராமு