வாசலில் வைத்துச் சோதித்துக் கொடுங்கள்: கேஸ் முகவருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதிக்குச் சமையல் எரிவாயு வழங்கும் முகவர் அவர்களுக்கும், அவருக்கு மேலுள்ள எண்ணெய் நிறுவன அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மண்டபம் பக்கத்துக் கடலோரக் குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவுக்குள் உங்கள் வண்டி வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மெயின் ரோட்டு முக்கில் ஹாரன் அடிக்கும். நாங்கள் காலி சிலிண்டரோடு ஓட வேண்டும். நிறை சிலிண்டரை மணலில் உருட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். இதைப் பலமுறை சொல்லிவிட்டோம். பக்கத்து வீட்டில் போன மாதம் நடந்ததைப் பார்த்த பிறகு, சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முக்கில் வாங்கிய சிலிண்டரில் மூடியைக் கட்டியிருக்கும் நைலான் கயிறு அறுந்திருந்தது. பக்கத்து வீட்டு மதினி கேட்டதற்கு, "வண்டி கிளம்பணும்க்கா" என்றார் சிலிண்டர் போடும் தம்பி. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளில் அத்தனை ஊரையும் முடிக்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்? சாயங்காலம் பழைய சிலிண்டர் தீர்ந்ததும் மதினி இதை மாட்டி, ரெகுலேட்டரைத் திருப்பிவிட்டு, மீன் கழுவக் கொல்லைப்பக்கம் போயிருக்கிறார். சோழகக் காற்று இரைந்துகொண்டிருந்ததில் வாயு சீறும் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. வாடையும் பிடிபடவில்லை. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் கேஸில் நாற்றம் சேர்க்கிறார்கள். முற்றமெல்லாம் கருவாடு காயும் வீட்டில் அந்த நாற்றத்தை எப்படிப் பிரித்தறிவது?

சீனி வாங்கப் போன நான்தான் வாசலிலேயே உணர்ந்தேன். ரெகுலேட்டரை மூடி, இரண்டு கதவையும் திறந்தோம். சுவிட்ச் எதையும் தொடவில்லை. அடுத்த அறையில் மாதா படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உயரமான மாடத்தில் இருந்ததால் பிழைத்தோம். இந்த வாயு காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவும். அதே விளக்கு தரையில் இருந்திருந்தால், ஓலை வேய்ந்த அந்த வீட்டையும் அதை ஒட்டிய வீடுகளையும் யார் காப்பாற்றியிருப்பார்கள்? ஆண்கள் கடலில் இருந்தார்கள்.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் அடித்தோம். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தவர், "நீங்க சரியா மாட்டியிருக்க மாட்டீங்க" என்றார். மதியம் வந்த மெக்கானிக் சிலிண்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே வாஷரே இல்லை. சட்டைப்பையிலிருந்து சுண்டுவிரல் நகமளவு ரப்பர் வளையத்தை எடுத்துப் போட்டார். மூச்சு விடும் நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

ஐயா, அந்த மூச்சு விடும் நேர வேலையைத்தான் கேட்கிறோம். சிலிண்டரை வாசல் வரை கொண்டுவந்து, எங்கள் கண்முன்னே மூடியைக் கழற்றி, வாஷர் பார்த்து, கசிவு பார்த்து, எடை போட்டுக் கொடுங்கள். ரசீதில் போட்டிருக்கும் விலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவரும் கூலியும் அடக்கம். அதைக் கட்டிவிட்டுத்தான் நாங்கள் மணலில் உருட்டுகிறோம்.

இன்னொன்று. ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைக்கச் சொல்கிறது நீங்கள் கொடுத்த தாள். சரியான அறிவுரைதான். ஆனால் இங்கே ஆனி, ஆடியில் ஜன்னலைத் திறந்தால் அடுப்பில் தீ நிற்காது. தீ அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். அணைந்ததும் தானாக அடைத்துக்கொள்ளும் அமைப்பு எங்கள் சாதாரண அடுப்பில் கிடையாது. அதனால் பெண்கள் சாக்கையும் தார்ப்பாயையும் கட்டிக் காற்றை மறைக்கிறார்கள். கசிந்தால் அது வெளியேற வழியில்லை. அடுப்பை எந்த மூலைக்கு மாற்றலாம், தரையோரம் எங்கே திறப்பு விடலாம் என்று வீட்டுக்குள் வந்து பார்த்தால்தானே சொல்ல முடியும்? ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அடுப்பையும் ட்யூபையும் பார்க்க ஆள் வர வேண்டும் என்பது உங்கள் விதி. எங்கள் தெருவுக்கு அப்படி ஒருவர் வந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. ஆரஞ்சு ட்யூபின் ஆயுள் ஐந்து வருடம் என்பதே பலருக்குத் தெரியாது. இப்போது கேக் ஆர்டர் எடுக்கும் பெண்கள் சிலர் கேஸ் ஓவன் வாங்கியிருக்கிறார்கள். உள்ளே தீ அணைந்தால் வெளியே தெரியாது, கதவைத் திறந்து வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

கைரேகை வைக்காவிட்டால் மானியம் நின்றுவிடும் என்று சொல்ல மட்டும் ஆள் வருகிறது. சிலிண்டர் வாங்க போனில் வரும் நம்பரைக் கேட்கிறீர்கள். அந்த போன் வீட்டுக்காரரோடு கடலில் இருக்கிறது. 2016-இல் ஏழை வீடுகளுக்குக் கேஸ் இணைப்பு கொடுக்கும் உஜ்வாலா திட்டம் வந்தபின் பனைமட்டையும் சுள்ளியும் எரித்த வீடுகளுக்கும் கேஸ் வந்தது. புகையில்லாமல் சமைக்கிறோம், அந்த நன்றி எங்களுக்கு உண்டு. கொடுத்ததோடு பொறுப்பு முடிந்தது என்று நினைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. கசிவுக்கு 1906 என்ற அவசர எண் இருப்பதையே அந்த மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அதைப் பெரிய எழுத்தில் எழுதி முக்கில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பயத்தில் எழுதுவது. மறுபடியும் பணிவாகக் கேட்கிறோம்: வாசல் வரை வாருங்கள், வாசலில் வைத்துச் சோதித்துக் கொடுங்கள். மூடிக் கயிறு அறுந்த சிலிண்டரையும், அடுத்த சோதனைக்கு எப்போது கெடு என்று காட்டும் எழுத்து துருவில் மறைந்த சிலிண்டரையும் இனி நாங்கள் வாங்க மாட்டோம். அதற்காக அந்தத் தம்பியைத் திட்டாதீர்கள். வீட்டுக்குள் வந்து பார்க்கும் ஆளை வாடைக்காற்று தொடங்குவதற்கு முன் அனுப்புங்கள். எந்தத் தேதியில் வருவார் என்று எழுத்தில் தெரிவித்தால், தெருவில் எல்லாப் பெண்களும் வீட்டில் இருப்போம்.

இப்படிக்கு,
கடலோரத் தெருப் பெண்கள் சார்பில் ஒருத்தி