முதுகுவலிக்காரர்களை முதலில் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களே,

வணக்கம். இருபது, இருபத்தைந்து வயதில் முதுகுவலி என்று வருபவரிடம், "வெயிட் ஏதாவது தூக்கினீங்களா, கீழே விழுந்தீங்களா?" என்று கேட்கிறீர்கள். சரி. அதோடு, "காலையில் எழும்போது எப்படி இருக்கு?" என்றும் கேளுங்கள்.

எனக்கு இருப்பது அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், அதாவது முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி உண்டாக்கும் நோய். அது தெரியவரும்வரை எனக்குக் கிடைத்த அறிவுரை எல்லாம் "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்பதுதான். ஆனால் படுத்தால்தான் எனக்கு வலியே. பின்னிரவில் எழுப்பிவிடும். விடிந்ததும் நேராக எழ முடியாது. ஒருக்களித்துப் புரண்டு, கட்டில் விளிம்பைப் பிடித்து, ஒவ்வொரு காலாக இறக்க வேண்டும். நடமாடிய பிறகுதான் முதுகு இளகும். சாதாரணப் பிடிப்பு பொதுவாக ஓய்வில் தணியும். அழற்சியால் வரும் இந்த வலி ஓய்வில்தான் கூடும்.

45 வயதுக்குள் மெல்லத் தொடங்கி 3 மாதத்தைத் தாண்டிய வலி, அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் காலை இறுக்கம், புட்டத்தில் இடமும் வலமுமாக மாறி மாறி வலி, எப்போதோ கண் சிவந்து வலித்த கதை: இவை சேர்ந்து வந்தால் தேய்மானம் என்று முடித்துவிடாதீர்கள். பெண்களுக்கும் இது வரும்.

எக்ஸ்ரே நார்மல் என்பதும் போதாது. இடுப்பெலும்பும், முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்பும் சேரும் மூட்டில்தான் நோய் பெரும்பாலும் தொடங்குகிறது. அந்த மாற்றம் எக்ஸ்ரேயில் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். இந்த நோயை வரையறுக்க 1984இல் திருத்தப்பட்ட நியூயார்க் அளவுகோல் எக்ஸ்ரேயையே நம்பியது. 2009இல் வந்த அளவுகோலில்தான் எம்.ஆர்.ஐ. சேர்ந்தது. அதிலும் கீழ்முதுகை மட்டும் படமெடுத்தால் அந்த மூட்டு சரியாக அகப்படாமல் போகும். எந்த இடம் என்று தயவுசெய்து சீட்டில் எழுதுங்கள். அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் சரியாக இருந்தும் நோய் இருக்கலாம். இந்த நோயோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணு இருப்பதாலேயே நோய் என்றும் ஆகிவிடாது.

முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் மருந்தால் பிரிக்க முடியாது. அப்படி இறுகிய முதுகு சின்ன விழுகையிலும் முறியலாம். முன்னதாகத் தெரிந்தால் அழற்சி தணிக்கும் மாத்திரைகள், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தை முடக்கும் ஊசிகள், தினசரி உடற்பயிற்சி என்று வழி இருக்கிறது. ஆகவே சந்தேகம் வந்த உடனேயே மூட்டுவாத நிபுணரிடம் அனுப்புங்கள். காலை இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் அந்தக் கடிதத்தில் குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருவர்