மாத்திரைக் கவரில் தமிழில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் நடக்கிறது. ஆரணியில் நாற்பது வருடம் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். உங்கள் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவர். ஆனால் தான் சாப்பிடும் ஒன்பது மாத்திரையில் மூன்றைத்தான் அவருக்கு அடையாளம் தெரியும்: பிரஷர், சுகர், அப்புறம் 'சத்து மாத்திரை'.

அந்த 'சத்து மாத்திரை' உண்மையில் கால்சியம் அசிடேட். பழுதான சிறுநீரகத்தால் பாஸ்பரஸை வெளியேற்ற முடியாது. அதனால் சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து நிறுத்த இதைக் கொடுக்கிறார்கள். சோற்றோடு விழுங்கினால்தான் வேலை செய்யும். கவரில் 1-1-1 என்று மட்டும் பேனாவில் கிறுக்கியிருந்தது. கால்சியம் என்றால் எலும்புக்குத்தானே என்று அப்பா விடிகாலை வெறும் வயிற்றில் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, படுக்கும்போது ஒரு டம்ளர் பாலோடு ஒன்று போட்டுக்கொண்டார். பாலிலேயே பாஸ்பரஸ் நிறைய உண்டு என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

எட்டு மாதம் இப்படியே போனது. ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் இறங்கவே இல்லை. ராத்திரியில் அரிப்பு தாங்காமல் எழுந்து, முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு நிற்பார். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று போகும்போதெல்லாம் கேட்பார்கள். "போடுறேம்மா" என்பார். அது பொய்யில்லையே. ஒருநாள் புதிதாக வந்த நர்ஸ் ஒருவர், "இதை எப்போ போடுறீங்க, எதுக்குன்னு சொல்லுங்க ஐயா" என்று கேட்டார். அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. அவருக்கு ஆன நேரம் இரண்டு நிமிடம்.

அந்தக் கேள்வியை எல்லா டயாலிசிஸ் மையத்திலும் கேட்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அவர்களும் கேட்கலாம். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியவர்கள் முட்டி வலிக்கென்று கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டு, இருப்பதையும் கெடுத்துக்கொள்வது அப்போதாவது வெளியே வரும்.

மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அட்டையில் பெயர் இருக்கும் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைத் தராதீர்கள். எதற்கான மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா கூடவா என்று கவரில் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்.

இப்போது அந்த டப்பா சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரிப்பு குறைந்து அப்பா தூங்குகிறார். மற்ற ஆறு மாத்திரையும் எதற்கென்று வரும் செவ்வாய்க்கிழமை நோட்டும் பேனாவுமாகப் போய்க் கேட்கப் போகிறோம்.

– ஒரு நெசவாளரின் மகள், ஆரணி